டில்லி – டோக்கியோ விமான மார்க்கம்

இந்தியத் தலைநகரான டில்லிக்கும் ஜப்பானியத் தலைநகரான டோக்கியோவுக்கும் இடைப்பட்ட ஆகாய தூரம், பூமியின் மேற்பரப்பில் மிகக் குறுகிய கோட்டை ஒட்டி அளந்தால், ஏறக்குறைய 5,850 கிலோமீட்டர் ஆகும். தட்டையான தேசப்படத்தில் இவ்விரு நகரங்களையும் இணைத்து இழுக்கும் நேர்க்கோடே குறுக்குவழியெனத் தோன்றினும், உருண்டையான பூமியின்மீது மெய்யான குறுக்குவழி வடக்கு நோக்கி வளைந்து, இமயத்தையும் திபெத்தையும் தாண்டி, சீனத்தில் சியான் நகருக்கு வடமேற்கே பாதித் தொலைவை எய்தி, ஷாண்டோங் தீபகற்பத்தருகே 37ஆம் அட்சரேகை வரை ஏறி, கொரியாவின் மேலாக ஜப்பானை அடைகிறது.

விமானங்கள் இக்கோட்டை அப்படியே பின்பற்றுவதில்லை. பயணிகள் அமரும் கூடத்தில் காற்றழுத்தம் குறைந்துபோனால், இயல்பாகச் சுவாசிக்கக்கூடிய சுமார் 3,000 மீட்டர் உயரத்துக்கு விமானி விரைந்து இறங்கியாக வேண்டும். திபெத்திய பீடபூமியோ சராசரியாகவே 4,500 மீட்டர் உயர்ந்து நிற்கிறது. ஆதலால் தூரம் சிறிது கூடினாலும் கங்கைச் சமவெளி, வங்காளம், பர்மா, யுன்னான் வழியாகச் செல்வதே பெரும்பாலும் வழக்கமாயிருக்கிறது.

இம்மார்க்கத்தின் சிறப்பு தூரத்தில் இல்லை, காலத்தில் இருக்கிறது. டில்லியிலிருந்து டோக்கியோவுக்கு 7½ முதல் 8 மணி நேரத்தில் சென்று சேரும் விமானம், திரும்பி வருவதற்கு 9 முதல் 10 மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. பூமியின் சுழற்சியே இதற்கு நேர்க் காரணம் என்று படித்தவர்களும் சொல்வதுண்டு. அது பிழை, ஏனெனில் விமானமும் அதைச் சூழ்ந்த வாயுமண்டலமும் பூமியோடு சேர்ந்தே சுழல்கின்றன. உண்மைக் காரணம், தெற்கின் வெப்பத்துக்கும் வடக்கின் குளிருக்கும் உள்ள வேற்றுமையால் வலுப்பெற்று, சுமார் 10 கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் காற்றாறு ஆகும். குளிர்காலத்தில் ஜப்பானின் மேலே அதன் வேகம் மணிக்கு 200 கிலோமீட்டரையும் எளிதில் விஞ்சும். போகும் விமானத்தைத் தாங்கிச் செல்லும் அதே காற்று வரும் விமானத்தை எதிர்த்து நிற்கிறது.

இக்காற்றை முறையாக அளந்தவர் ஜப்பானிய வானிலை சாஸ்திரியான ஓயிஷி வாசபுரோ. டோக்கியோவுக்கு வடகிழக்கிலுள்ள டாடெனோ ஆய்வுநிலையத்திலிருந்து பலூன்களைப் பறக்கவிட்டு அவர் கண்டறிந்த முடிவுகள் 1926இல் வெளியாயின. உலகோர் அனைவரும் படிக்கவேண்டும் என்ற உயர்ந்த நோக்கத்துடன் அவற்றை அவர் எஸ்பெராண்டோ மொழியில் எழுதினார். அந்த நோக்கம் ஈடேறாமற் போனது பெரிதும் வருந்தத்தக்கது. 1944இன் இறுதியில் டோக்கியோவின்மீது மிக உயரத்தில் பறந்த அமெரிக்க விமானிகள், இக்காற்றைப் புதிதாகக் கண்டவர்களைப்போலத் திகைத்தனர்.

பிரயாணி கவனிக்கவேண்டியது மற்றொன்றும் உண்டு. ஜப்பானியக் கடிகாரம் இந்தியக் கடிகாரத்தைவிட மூன்றரை மணி முந்தியது. டில்லியில் இரவு 8 மணிக்குப் புறப்பட்டு 7½ மணி நேரம் பறந்தவர் டோக்கியோவில் காலை 7 மணிக்கு இறங்குவார். அங்கே முற்பகல் 11 மணிக்குப் புறப்பட்டு 9½ மணி நேரம் பறந்தவரோ டில்லியில் மாலை 5 மணிக்கே இறங்கிவிடுவார். உள்ளூர்க் கடிகாரங்களை மட்டும் பார்த்துக் கணக்கிடுவோர் போகும் பிரயாணமே நீண்டதென்று முடிவு செய்வர். உண்மை அதற்கு நேர்மாறானது. இரு தேசங்களும் கோடையில் கடிகாரத்தை முன்தள்ளி வைக்கும் வழக்கத்தைக் கைக்கொள்ளாமையால், இம்மூன்றரை மணி வித்தியாசம் ஆண்டு முழுவதும் மாறுவதில்லை.