இந்திய மரபில் வேட்டை: தொழிலும் விளையாட்டும்

முன்னுரை

வில்லும் கோடரியும் மனிதன் காட்டோடு கொண்ட உறவின் மிகப் பழைய கருவிகள். உணவுக்கும் உறைவிடத்திற்கும் எனத் தோன்றிய இக்கருவிகள், காலப்போக்கில் அவற்றைக் கொண்டு பிழைக்க வேண்டிய தேவை இல்லாதாரின் கைகளில் பொழுதுபோக்குக் கருவிகளாகவும் அமைந்தன. ஒரே செயல் ஒருவர்க்கு வயிற்றுப்பாடாகவும் மற்றொருவர்க்கு விளையாட்டாகவும் அமையும்போது, அச்செயலுக்கு உரியவர் யார் என்னும் வினா எழுகிறது. இந்திய மரபில் இவ்வினா எவ்வாறு எழுந்தது, அதற்கு ஒவ்வொரு காலத்தவரும் எத்தகைய விடை கண்டனர் என்பதை இலக்கியம், கல்வெட்டு, நாணயம், சட்டம் ஆகிய சான்றுகளின்வழி இக்கட்டுரை ஆராய்கிறது.

கோடரித் தேர்வு

தென்னிந்தியப் புதிய கற்கால மக்கள் கல்லைத் தேய்த்து மெருகேற்றிக் கோடரி செய்தனர். பையம்பள்ளி அகழாய்வில் இத்தகைய கற்கருவிகள் கிடைத்துள்ளன. அடுத்து வந்த பெருங்கற்படைக் காலத்தில் தட்டையான இரும்புக் கோடரிகள் வழக்கிற்கு வந்தன. இவற்றுட் பலவற்றில் காம்பு நுழையும் துளை இல்லை. பிளந்த மரக்காம்பில் அலகைச் செருகிக் குறுக்காக அமைந்த இரும்புப் பட்டைகளால் இறுக்கியுள்ளனர். இவ்வாறு பட்டையிட்டு இறுக்கும் முறை தென்னகப் பெருங்கற்படைப் பண்பாட்டின் அடையாளங்களுள் ஒன்றாகக் கருதப்படுகிறது.

தமிழில் கோடரியைக் குறிக்க மழு, கணிச்சி, நவியம், குடாரம், பரசு எனப் பல சொற்கள் உள்ளன. ஒரு கருவிக்கு இத்தனை பெயர்கள் அமைந்தமை அக்கருவியின் பயன்பாட்டுப் பரப்பைக் காட்டும். புறநானூற்றின் 36ஆம் பாடலில் ஆலத்தூர் கிழார், பகைவரின் காவன்மரங்களை வீழ்த்தும் நவியத்தைக் குறிப்பிடுகிறார். அதன் அலகு கொல்லன் அரத்தால் கூர்மை செய்யப்பட்டது என்பதும், அதன் காம்பு நெடியது என்பதும் அப்பாடலால் அறியக்கிடக்கின்றன. நல்ல கோடரிக்கு இன்றும் கூறப்படும் இலக்கணங்களுள் இவ்விரண்டும் அடங்கும். காம்பு நீளுமாயின் வீச்சின் விரைவு மிகும். அலகு மெலிந்து கூராயின் மரத்தின் நாரைக் குறுக்கே அறுக்கும். விறகு பிளப்பதற்கோ இதற்கு மாறாகத் தடித்த ஆப்பு வடிவம் வேண்டும். போர்க்கோடரியின் அலகு இவ்விரண்டினும் இலேசாக இருத்தல் வேண்டும். வீசிய கையை உடனே மீட்க வேண்டியிருத்தலே காரணம். ஆகவே கோடரித் தேர்வு என்பது அலங்காரம் நோக்கியதன்று. செய்யவிருக்கும் தொழிலை நோக்கியது எனலாம்.

நீலகிரியில் கோத்தர் இரும்புக் கருவிகளைச் செய்து படகர் முதலிய பிற குடியினர்க்கு வழங்கி வந்தனர். கருவி செய்வோரும் அதனைப் பயன்படுத்துவோரும் ஒருவரையொருவர் நன்கு அறிந்திருந்த சூழலில், எத்தொழிலுக்கு எவ்வடிவம் என்னும் அறிவு இரு சாரார்க்கும் பொதுவாக இருந்தது.

வேட்டை வினோதம்

அரசர்க்கு வேட்டை பிழைப்பு அன்று, வினோதமாகும். அது தகுமா என்பது பற்றி நூலோரிடையே கருத்து வேறுபாடு இருந்தது. மனுஸ்மிருதி குடி, சூது, மகளிர், வேட்டை ஆகிய நான்கையும் காமத்தின் வழிப்பட்ட குற்றங்களுள் கொடியனவாக வைக்கிறது. அர்த்தசாஸ்திரத்தின் எட்டாம் அதிகரணத்தில் இது ஒரு வாதமாகவே நிகழ்கிறது. சூதினும் வேட்டையே கொடிது என்பது பிசுனரின் கருத்து. கௌடில்யர் அதனை மறுக்கிறார். வேட்டையால் உடற்பயிற்சி உண்டாகும், கொழுப்பு குறையும், நிற்கும் இலக்கையும் ஓடும் இலக்கையும் எய்யும் திறன் வளரும், சினத்திலும் அச்சத்திலும் விலங்கின் மனம் எவ்வாறு மாறும் என்பது புலப்படும் என்பன அவர் காட்டும் நன்மைகள். காளிதாசரின் சாகுந்தலத்தில் படைத்தலைவன் கூறும் நியாயங்களும் ஏறத்தாழ இவையே. வேட்டையைப் பொழுதுபோக்காகக் கொள்வோர் பிற்காலத்தில் எடுத்துரைக்கும் காரணங்கள் பலவற்றிற்கும் இவ்வாதமே முன்னோடி எனல் தகும்.

எனினும் கௌடில்யரே அரசனின் வேட்டைக்கெனத் தனி வனம் ஒன்றை அமைக்கச் சொல்கிறார். அதற்கு ஒரே வாயில், சுற்றிலும் அகழி, உள்ளே விடப்படும் கொடு விலங்குகளுக்குப் பல்லும் நகமும் களையப்பட்டிருக்கும். இடர் நீக்கிய வேட்டை என்னும் கருத்து இந்நாட்டிற்குப் புதியதன்று என்பது இதனால் பெறப்படும்.

இவ்விடத்தில் திருக்குறளின் அமைப்பு ஒப்புநோக்கத்தக்கது. வரைவின் மகளிர், கள்ளுண்ணாமை, சூது என மூன்று அதிகாரங்கள் 92 முதல் 94 வரை தொடர்ந்து அமைந்துள்ளன. மனுஸ்மிருதியின் நான்கனுள் மூன்று இங்கு உள; வேட்டைக்கு மட்டும் தனி அதிகாரம் இல்லை. உயிர்க்கொலையைத் திருவள்ளுவர் துறவறவியலில் கொல்லாமை, புலால் மறுத்தல் ஆகிய அதிகாரங்களில் பொது அறமாகவே வைத்தார். வேட்டை இங்கு அரசனுக்கு மட்டும் உரிய தீங்காகத் தனித்து நிற்கவில்லை என்பது கருதத்தக்கது.

சங்க இலக்கியத்தில் வேட்டையின் இரு நிலைகளையும் காணலாம். வேட்டுவரும் எயினரும் வேட்டையால் வாழ்பவர். கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் வில்லேந்தி வேட்டை நாய்களுடன் வரும் தலைவனுக்கோ வேட்டை, தலைவியைக் காண்பதற்கு வாயிலாகிறது. பிற்காலக் கோவை நூல்களில் வேழம் வினாதல் என்பது ஒரு துறையாகவே அமைந்துவிட்டது. கொல்லி மலைத் தலைவன் வல்வில் ஓரியைப் பாடும் வன்பரணர், அவன் எய்த அம்பு யானை தொடங்கி உடும்பு ஈறாகப் பல விலங்குகளையும் துளைத்துச் சென்றதாகக் கூறுகிறார். இங்கு வேட்டை உணவு தேடலைக் கடந்து வில்லாண்மையின் புகழாக மாறுகிறது.

குப்த மன்னர் சமுத்திரகுப்தரின் பொன் நாணயங்களும் இவ்வகையின. வில்லேந்திய உருவம், போர்க்கோடரி ஏந்திய உருவம், புலியை எய்யும் உருவம் என அவர் தம்மைப் பல நிலைகளில் பொறித்துக்கொண்டார். மேலைச் சாளுக்கிய மன்னர் மூன்றாம் சோமேசுவரர் 12ஆம் நூற்றாண்டில் இயற்றிய மானசோல்லாசம் அரச வினோதங்களை வகைப்படுத்துகையில் வேட்டைக்கும் மீன்பிடித்தலுக்கும் இடம் தருகிறது.

மறுப்பும் கணக்கும்

வேட்டை வினோதத்தை அரசன் ஒருவனே கைவிட்டமைக்கு அசோகர் சான்றாவார். முன்னைய அரசர் வேட்டை முதலிய இன்பங்களுக்காக விகார யாத்திரை சென்றனர் என்றும், தாம் முடிசூடிப் பத்தாண்டுகளானபின் சம்போதிக்குச் சென்றதாகவும், அதுமுதல் தர்ம யாத்திரையே நிகழ்வதாகவும் எட்டாம் பாறைக் கட்டளை கூறும். ஐந்தாம் தூண் கட்டளை கொல்லத்தகாத உயிர்களைப் பட்டியலிடுவதுடன் காரணமின்றிக் காட்டை எரிப்பதையும் தடுக்கிறது.

மொகலாயப் பேரரசர் ஜஹாங்கீர் தம் நினைவுக் குறிப்புகளில் வேட்டைக் கணக்கு ஒன்றைப் பதிவு செய்தார். அவருடைய பன்னிரண்டாம் வயது முதல் 1616ஐ ஒட்டிய காலம் வரை அவர் முன்னிலையில் வீழ்ந்தவை 28,532. அவர் தம் கையால் கொன்றவை 17,167. இவற்றுள் 3,203 விலங்குகள், 13,964 பறவைகள். இவ்வரசரே தம் அன்புக்குரிய மான் ஒன்று இறந்தபோது ஷேகுபுராவில் அதற்கு நினைவுக் கோபுரம் எழுப்பி, அச்சமவெளியில் மான் வேட்டையைத் தடை செய்தார். விலங்கின்மீது பற்றும் அதனைக் கொல்லும் வேட்கையும் ஒருவரிடமே ஒருங்கிருந்தன என்பதற்கு இதனினும் தெளிவான சான்று அரிது.

விளையாட்டு வேட்டையும் கள்ள வேட்டையும்

ஆங்கிலேயர் ஆட்சியில் இச்சிக்கல் சட்டத்தின் வடிவம் பெற்றது. நீலகிரியில் வேட்டை விலங்குகள் குறைந்தமையைக் கண்ட வெள்ளையர் முயற்சியால் 1879இல் நீலகிரி வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. 1882இல் சென்னைக் காட்டுச் சட்டம் வந்தது. வேட்டைக்காலம் வரையறுக்கப்பட்டது, உரிமம் வேண்டப்பட்டது. துப்பாக்கியால் ஒன்றைக் குறிவைத்துச் சுடுதல் கண்ணியமான விளையாட்டு எனப்பட்டது. கண்ணி, வலை, பொறி ஆகியவை இழிந்த முறைகளாகக் கருதப்பட்டன. உரிமம் பெற வசதியுள்ளவர் வேட்டை விளையாட்டினர் ஆயினர். உணவுக்காகக் கண்ணி வைத்த மலைக்குடியினர் கள்ள வேட்டைக்காரர் ஆயினர். கோடரிக்கும் இந்நிலையே நேர்ந்தது. காப்புக்காட்டில் மரம் வெட்டுதலும் காடெரித்துப் பயிரிடுதலும் குற்றங்களாயின.

ஆயினும் இதன் மறுபக்கத்தையும் கூறுதல் வேண்டும். மூணாற்றைச் சார்ந்த உயர் மலைகளில் தோட்டத் துரைமார் வேட்டைக்கெனக் காத்த இரவிகுளம் வரையாடுகளின் புகலிடமாயிற்று; 1978இல் அது தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அக்காவலில் முதுவர் பணியாற்றினர். காட்டை அறிந்தவர் காவலராகவும், அதற்கு உரிமை கொண்டாடியவர் பிறராகவும் இருந்தமை இங்குப் புலனாகிறது.

மலைக்குடியினரின் வில் விளையாட்டுக் கருவியாக மட்டும் இருந்ததில்லை. வயநாட்டுக் குறிச்சியர் தலக்கல் சந்துவின் தலைமையில் 1802இல் பனமரம் கோட்டையைத் தாக்கினர். 1855இல் எழுந்த சந்தால் கிளர்ச்சியிலும் வில்லே முதன்மைப் படைக்கலம்.

விடுதலைக்குப் பின்

விளையாட்டு வேட்டையின் விளைவை வேங்கைப்புலியும் சிவிங்கிப்புலியும் கண்டன. 1947இல் கொரியா சமஸ்தானத்தில் அதன் மன்னரால் சுடப்பட்ட மூன்று சிவிங்கிப்புலிகளே இந்நாட்டில் ஐயமின்றிப் பதிவானவற்றுள் இறுதியானவை எனப் பொதுவாகக் கொள்ளப்படுகிறது. 1952இல் அவ்வினம் இந்தியாவில் அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்டது. 2022 செப்டம்பரில் நமீபியாவிலிருந்து சில கொணரப்பட்டன. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன் 1991ஆம் ஆண்டுத் திருத்தமும் உரிமம் பெற்று விளையாட்டாக வேட்டையாடுவதை முடிவுக்குக் கொண்டுவந்தன. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் காடுவாழ் மக்களின் மரபுரிமைகள் பலவற்றை ஏற்றது. எனினும் மரபுவழி வேட்டையுரிமையை வெளிப்படையாக விலக்கியது. அரசரின் வினோதமும் வேட்டுவரின் தொழிலும் இவ்வாறு ஒரே தடையில் அடங்கின. அரசர் இழந்தது பொழுதுபோக்கு. வேட்டுவர் இழந்ததோ வாழ்வுமுறை.

வில் மட்டும் புதிய களம் கண்டது. 1973இல் இந்திய வில்வித்தைச் சங்கம் தோன்றியது. இராசத்தானத்துப் பழங்குடிக் குடும்பத்தில் பிறந்த லிம்பா ராம் 1992இல் பெய்ஜிங்கில் நடந்த ஆசியப் போட்டியில் 360க்கு 358 புள்ளிகள் பெற்று உலகச் சாதனையைச் சமன் செய்தார். காட்டில் மூங்கில் வில்லால் பழகிய குறி, அளந்த தொலைவில் நிறுத்திய பலகையில் விளையாட்டாகத் தொடர்கிறது. காட்டில் தங்கும் கலை சாரணர் இயக்கத்தின் வழியாகப் பள்ளி மாணவர்க்கும் எட்டியது. கூடாரம் அமைத்தல், தீ மூட்டுதல், தடம் அறிதல் ஆகியன அவ்வியக்கத்தின் பயிற்சிகளாயின. இவை அனைத்தும் காடுவாழ் மக்கள் சிறு வயதிலேயே பெற்றோரிடம் கற்றவையே.

முடிவுரை

மேற்கூறியவற்றால் மூன்று செய்திகள் தெளிவாகின்றன. வேட்டையைப் பொழுதுபோக்காகக் கொள்ளும் வழக்கமும் அதனை எதிர்க்கும் அறவுணர்வும் இந்நாட்டில் உடன்வளர்ந்தவை. கருவியின் செம்மையை அதனால் பிழைத்தவரே வகுத்தனர். பொழுதுபோக்கினர் அதனைப் பெற்றுக்கொண்டனர். வேட்டை குற்றமா விளையாட்டா என்பதைப் பல காலங்களில் தீர்மானித்தது செயலின் தன்மை அன்று; செய்தவரின் நிலையே ஆகும். வில்லையும் கோடரியையும் இன்று விருப்பத்தால் கையில் எடுப்போர் இவ்வரலாற்றையும் அறிதல் வேண்டும். காடுவாழ் மக்களின் கருவிப் பெயர்களும் தொழிற்சொற்களும் வழக்கொழியுமுன் அவற்றைத் தொகுத்தல் மொழியாய்வாளரின் உடனடிக் கடமையாகும்.