ராசியும் பாட்டும்: கதாபாத்திரங்கள் பிறந்த கதை

போன வருஷம் எங்கள் கல்லூரி ஆண்டு மலருக்கு ஒரு சிறுகதை எழுதினேன். பி.காம். படிக்கிறவனுக்குக் கதை எழுத வராது என்று யாரும் சொல்லிவிடக் கூடாது பாருங்கள், அதனால் ரொம்ப முறையாக ஆரம்பித்தேன். லெட்ஜர் மாதிரி கோடு போட்டு ஒரு அட்டவணை. முதல் கட்டத்தில் பாத்திரத்தின் பெயர், இரண்டாவதில் ராசி, மூன்றாவதில் பிடித்த பாட்டு. கதாநாயகி ரிஷபம், ஆகவே பிடிவாதக்காரி. அப்பா சிம்மம், ஆகவே கர்வி. தம்பி மிதுனம், ஆகவே வாயாடி. அட்டவணை பிரமாதமாக டேலி ஆனது. கதைதான் டேலி ஆகவில்லை. படித்துப் பார்த்த நண்பன் ஒரே கேள்விதான் கேட்டான்: "டேய், இது கதையா, வார பலனா?"

கோபம் வந்தது. ஆனால் கோபத்தோடு ஒரு சந்தேகமும் வந்தது. பாத்திரத்துக்கு ராசியும் பாட்டும் கொடுக்கும் யோசனை எனக்கு முன்னால் யாருக்கும் தோன்றவில்லையா? நூலகத்தில் உட்கார்ந்து தேடினேன். தோன்றியிருக்கிறது. அறுநூறு வருஷத்துக்கு முன்னாலேயே. அதுவும் ஒரு கணக்கருக்கு!

ரிஷப லக்னம், லக்னத்தில் செவ்வாய்

ஜெஃப்ரி சாசர். ஆங்கிலக் கவிதையின் தந்தை என்று சொல்வார்கள். ஆனால் அவர் சம்பளம் வாங்கியது கவிதைக்காக அல்ல. 1374 முதல் 1386 வரை லண்டன் துறைமுகத்தில் கம்பளி ஏற்றுமதிக்கான சுங்கக் கணக்குகளைப் பார்த்த அதிகாரி அவர். (காமர்ஸ்காரர்கள் காலரைத் தூக்கி விட்டுக்கொள்ளலாம்.) வானியலிலும் ஆள் கெட்டிக்காரர். ஆஸ்ட்ரோலேப் என்ற வானியல் கருவியை எப்படிப் பயன்படுத்துவது என்று 1391-இல், பத்து வயதான தன் மகன் லூயிஸுக்காக ஒரு கையேடே எழுதினார்.

இவருடைய 'கேன்டர்பரி கதைகள்' 1387 வாக்கில் தொடங்கி, 1400-இல் அவர் இறந்தபோதும் முடியாமல் நின்ற நூல். யாத்திரை போகிற ஒரு கூட்டம் வழியில் ஆளுக்கொரு கதை சொல்கிறது. அந்தக் கூட்டத்தில் பாத் என்ற ஊரிலிருந்து வந்த ஒரு பெண் இருக்கிறாள். துணி நெசவில் கைதேர்ந்தவள். ஐந்து கல்யாணம் செய்தவள், முதல் கல்யாணம் பன்னிரண்டு வயதில். அவள் தன் ஜாதகத்தைத் தானே சொல்கிறாள்: ரிஷப லக்னம், லக்னத்தில் செவ்வாய். ரிஷபம் சுக்கிரனின் வீடு. ஆகவே ஆசை சுக்கிரனிடமிருந்து வந்தது, முரட்டுத் துணிச்சல் செவ்வாயிடமிருந்து வந்தது என்பது அவள் கணக்கு.

முதலில் படித்தபோது, "பார்த்தாயா, சாசரும் என்னை மாதிரி அட்டவணை போட்டிருக்கிறார்" என்று குதித்தேன். இரண்டாம் முறை படித்தபோதுதான் வித்தியாசம் புரிந்தது. அவள் பாத்திரம் ரிஷபத்திலிருந்து பிறக்கவில்லை. ஊர் தன்னைக் குறை சொல்லும்போது அவள் எடுத்து வைக்கும் வாதம்தான் ரிஷபம். 'நான் என்ன செய்ய, என் கிரகம் அப்படி' என்று ஒரு கையை விரிக்கிறாள். அவளுடைய நிஜமான வாழ்க்கை வேறிடத்தில் இருக்கிறது. ஐந்தாவது கணவன் கெட்ட மனைவிகளைப் பற்றிய ஒரு புத்தகத்தைத் தினமும் வாசித்துக் காட்டி அவளைக் குத்துகிறான். ஒருநாள் அவள் அதில் மூன்று தாளைக் கிழிக்கிறாள். அவன் அடித்த அடியில் காது மந்தமாகிறது. இந்தக் காது எந்தக் கட்டத்திலும் இல்லை!

அதே நூலில் என் வயதுப் பையன் ஒருவனும் வருகிறான். ஆக்ஸ்ஃபோர்டு மாணவன் நிக்கலஸ், ஒரு தச்சர் வீட்டில் வாடகைக்கு இருப்பவன். அவன் அறையில் ஒரு பக்கம் ஆஸ்ட்ரோலேப்பும் கணக்குப் போடும் கற்களும், இன்னொரு பக்கம் ஸால்டரி என்ற நரம்பு வாத்தியம். ராசி, பாட்டு இரண்டும் ஒரே அறையில்! ஆனால் சாசர் அவனுடைய ராசி என்ன என்று சொல்லவே இல்லை. ஜோதிடத்தை அவன் என்ன செய்கிறான் என்பதைத்தான் காட்டுகிறார். நோவா காலத்தைவிடப் பெரிய வெள்ளம் வரும் திங்கள் இரவு வரப்போகிறது என்று தச்சரை நம்ப வைத்து, கூரையில் மூன்று தொட்டிகளைக் கட்ட வைக்கிறான். எல்லாம் தச்சரின் இளம் மனைவியோடு தனியாக இருப்பதற்காக. கடைசியில் தச்சர் தொட்டியோடு விழுந்து கை உடைகிறது. ஊர் சிரிக்கிறது.

எட்மண்டின் எதிர்வாதம்

அடுத்து ஷேக்ஸ்பியர். 1606 டிசம்பரில் அரசவையில் நடிக்கப்பட்ட 'கிங் லியர்' நாடகத்தில் க்ளாஸ்டர் பிரபு கிரகணங்களைப் பார்த்து உலகம் கெட்டுவிட்டது என்று பயப்படுகிறார். அவர் அந்தப் பக்கம் போனதும் முறைதவறிப் பிறந்த மகன் எட்மண்ட் சிரிக்கிறான். நாம் செய்கிற தப்புக்கெல்லாம் சூரியனையும் சந்திரனையும் குற்றம் சொல்கிறோமே, எந்த நட்சத்திரத்தில் பிறந்திருந்தாலும் நான் இப்படித்தான் இருந்திருப்பேன் என்பது அவன் கட்சி.

இதில் வேடிக்கை என்னவென்றால், புத்திசாலித்தனமாகப் பேசுகிற எட்மண்ட்தான் வில்லன். மூட நம்பிக்கைக்கார அப்பாதான் பாவப்பட்டவர். நம்புகிறவன் முட்டாள், நம்பாதவன் நல்லவன் என்று சுலபமாகப் பிரித்துவிட முடியாது. அப்பாவின் பயத்திலும் மகனின் கேலியிலும் இரண்டு மனிதர்கள் தெரிகிறார்கள், அவ்வளவுதான்.

ஒரு ஷில்லிங் ஜாதகம்

அப்படியானால் 'ரிஷபம் என்றால் பிடிவாதம், சிம்மம் என்றால் கர்வம்' என்று நான் அட்டவணையில் எழுதிய சமாச்சாரம் எங்கிருந்து வந்தது? பழசு என்றுதான் நினைத்திருந்தேன். கிரகத்துக்கும் ராசிக்கும் குணம் சொல்லும் வழக்கம் பழசுதான். ஆனால் ஒருவருக்கு ஒரே ஒரு ராசி, அந்த ராசிக்கு ஒரு பக்கக் குணச்சித்திரம் என்ற வடிவம் ரொம்பப் புதுசு.

இங்கிலாந்தில் ஆலன் லியோ (1860–1917) என்று ஒருவர். சொந்தப் பெயர் வில்லியம் ஃபிரெடரிக் ஆலன். தன் சூரிய ராசி சிம்மம் என்பதால் பெயரில் லியோவைச் சேர்த்துக்கொண்டார். நம் அடையாறில் தலைமையகம் வைத்திருக்கும் தியோசாபிகல் சொசைட்டியைச் சேர்ந்தவர். அதைவிட முக்கியம், அவர் நல்ல வியாபாரி. ஒவ்வொரு கிரக நிலைக்கும் பலன் தாள்களை முன்கூட்டியே தயாரித்து அடுக்கி வைத்துக்கொள்வார். தபாலில் ஒரு ஷில்லிங் வந்ததும் பொருத்தமான தாள்களை உருவிச் சேர்த்து அனுப்புவார். காஸ்ட் அக்கவுண்டிங் பாடத்தில் வரவேண்டிய ஆள்!

ஆனால் அந்தக் காலத்து இங்கிலாந்தில் குறி சொல்வது சட்டப்படி குற்றமாக இருந்தது. 1914-இல் அவர் மீது வழக்கு வந்தது, நிற்கவில்லை. அதற்குப் பிறகு, 'இது நடக்கும்' என்று சொல்வதை விட்டு 'உங்கள் இயல்பு இப்படி' என்று சொல்லும் பக்கம் ஜோதிடத்தை இன்னும் அழுத்தமாகத் திருப்பினார். ஆனாலும் 1917-இல் மறுபடி வழக்கு, ஐந்து பவுண்டு அபராதம். அதே ஆண்டு ஆகஸ்டில் இறந்தார்.

பிறகு பத்திரிகைகள் வந்தன. 1930 ஆகஸ்ட் 24 அன்று லண்டன் 'சண்டே எக்ஸ்பிரஸ்' இதழில், மூன்று நாள் முன்பு பிறந்திருந்த இளவரசி மார்கரெட்டின் ஜாதகத்தை ஆர். எச். நெய்லர் எழுதினார். அது பிடித்துப்போய் ஜோதிடப் பத்தி வழக்கமானது. 1968-இல் லிண்டா குட்மனின் 'சன் சைன்ஸ்' புத்தகம் வந்து விற்பனையில் சக்கைப் போடு போட்டது. நம் ஊரில் ராசி என்றால் சந்திரன் நின்ற ராசி, அவர்களுக்குச் சூரியன் நின்ற ராசி என்ற வித்தியாசத்தைக்கூடக் கவனிக்காமல் நானும் அந்தக் குணங்களைத்தான் அட்டவணையில் ஒட்டியிருந்தேன்.

1948-இல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற அமெரிக்க உளவியலாளர் தன் மாணவர்கள் 39 பேருக்கு ஒரு தேர்வு வைத்து, ஆளுக்கொரு குணச்சித்திரம் எழுதிக் கொடுத்தார். எவ்வளவு பொருந்துகிறது என்று மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி ஐந்துக்கு 4.26. அப்புறம்தான் தெரிந்தது, 39 பேருக்கும் ஒரே தாள்! அதில் பெரும்பகுதி கடையில் விற்கும் ஒரு ஜோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்தது. என் கதாநாயகி ஏன் உயிரில்லாமல் கிடந்தாள் என்று அப்போது விளங்கியது. எல்லாருக்கும் பொருந்துகிற சட்டையைத் தைத்து அவளுக்கு மாட்டியிருந்தேன்.

பாட்டு எங்கே வேறுபடுகிறது

அட்டவணையின் மூன்றாவது கட்டத்துக்கு வருவோம். இங்கேயும் சாசர்தான் முன்னோடி. அவருடைய மாவு ஆலைக்காரன் பேக்பைப் ஊதுகிறான், கன்னிகாஸ்திரீ மூக்கால் பாடுகிறாள். இரண்டே வரியில் ஆள் கண் முன்னால் நிற்கிறார். இருந்தாலும் இதுவும் ஓர் அடையாளச் சீட்டு மாதிரிதான்.

ஷேக்ஸ்பியரின் 'ஒத்தெல்லோ'வில் விஷயம் ஆழமாகிறது. டெஸ்டிமோனா கொலையாகப் போகிற இரவு, படுக்கப் போகுமுன் ஒரு பழைய பாட்டைப் பாடுகிறாள். அது அவள் அம்மாவிடம் வேலை பார்த்த பெண்ணின் பாட்டு. காதலன் கைவிட்டபோது அந்தப் பெண் அதைப் பாடிக்கொண்டே செத்துப்போனாள். அந்தப் பாட்டு இன்று ராத்திரி மனசை விட்டுப் போக மாட்டேன் என்கிறது என்கிறாள் டெஸ்டிமோனா. பாட்டோடு சேர்ந்து ஒரு வீடு, ஒரு அம்மா, ஒரு வேலைக்காரப் பெண், ஒரு பயம் எல்லாம் மேடைக்கு வந்துவிடுகின்றன. 1622-இல் அச்சான பதிப்பில் இந்தப் பாட்டு இல்லை, 1623 பதிப்பில் இருக்கிறது. பாட்டு இல்லாமலும் கதை நகரும். ஆனால் டெஸ்டிமோனா பாதிதான் இருப்பாள்.

இன்னொருவர் ஷெர்லாக் ஹோம்ஸ். 1887-இல் வந்த முதல் நாவலில் வாட்சன் ஒரு பட்டியல் போடுகிறார். ஹோம்ஸுக்கு வானியல் அறிவு பூஜ்யம், வயலின் நன்றாக வாசிப்பார். பூமி சூரியனைச் சுற்றுகிறது என்பதே தெரியாத மனிதரை நாம் எதைக் கொண்டு நினைவு வைத்திருக்கிறோம்? யோசிக்கும்போது வயலினை முழங்கால் மேல் போட்டு ஏதோ கீறிக்கொண்டிருப்பதை வைத்து. பின்னால் ஒரு கதையில், 500 கினி பெறும் ஸ்ட்ராடிவேரியஸ் வயலினை 55 ஷில்லிங்குக்கு வாங்கியதாகப் பெருமை அடிக்கிறார். ஒரு கினி 21 ஷில்லிங். ஆக 10,500 ஷில்லிங் பொருள் 55-க்கு! கலைஞனும் பேரம் பேசுகிறவனும் ஒரே ஆளுக்குள்.

இசைக்காரர்கள் பக்கமிருந்தும் ஒருவர். ஜெர்மன் இசையமைப்பாளர் ஸ்டாக்ஹவுசன் 1974–75-இல் பன்னிரண்டு ராசிகளுக்கும் பன்னிரண்டு மெட்டு போட்டார். ராசிக் குணத்தை அப்படியே இசையாக்கினாரா? அந்தந்த ராசியில் பிறந்த குழந்தைகள், நண்பர்கள், தெரிந்தவர்களின் இயல்பை மனதில் வைத்துத்தான் எழுதினார். அவருக்குக்கூட, கட்டத்துக்குப் பின்னால் நிஜமான ஒரு முகம் தேவைப்பட்டது.

என் அட்டவணையில் இல்லாத ஒருத்தர்

இப்போது ஒன்றைச் சொல்லியாக வேண்டும். என் கதையின் நாயகி கற்பனை அல்ல. அவர் என் அத்தை. மூல நட்சத்திரம். பெண் மூலம் நிர்மூலம் என்று ஒரு பழமொழி இருக்கிறதே, அது போதுமாயிருந்தது. வந்த வரன்கள் ஜாதகத்தைப் பார்த்ததும் திரும்பிப் போயின. மாமனாருக்கு ஆகாதாம். நான் பிறப்பதற்கு முன்பே வரன் பார்ப்பதை நிறுத்திவிட்டார்கள். கதையில் அவர் நட்சத்திரத்தை மாற்றி, ரிஷப ராசியாக்கி, பிடிவாதத்தால் கல்யாணம் வேண்டாம் என்றதாக எழுதியிருந்தேன். உண்மையை எழுதக் கூச்சம்.

இத்தனையும் படித்த பிறகு ஊருக்குப் போனபோது அத்தையைக் கவனித்தேன். தையல் மெஷினில் உட்கார்ந்தால் ஒரே பழைய பாட்டை முணுமுணுப்பார். பல்லவி மட்டும்தான். மெஷின் வேகமெடுத்தால் பாட்டும் வேகமெடுக்கும், ஊசி நின்றால் பாட்டும் நிற்கும். "மீதி ஏன் பாட மாட்டீங்க அத்தை?" என்று கேட்டேன். "மீதிக்குள்ள ரேடியோவ அணைச்சிட்டாங்கப்பா" என்றார். அவரைப் பெண் பார்க்க வந்த ஒரு நாளில், வாசலில் வண்டிச் சத்தம் கேட்டதும் யாரோ ரேடியோவை அணைத்திருக்கிறார்கள். அன்று வந்தவர்களும் காபி குடித்துவிட்டுப் போனவர்கள்தான்.

இருபது வருஷமாக அந்தப் பல்லவியைக் கேட்டு வளர்ந்தவன் நான். ஒருநாளும் கேட்கத் தோன்றவில்லை.

சாசர் என்ன செய்தார் என்று அப்போதுதான் முழுசாகப் புரிந்தது. ஒரு பாத்திரத்தின் ராசியை எழுதினால் அந்த ஆளைப் பற்றி ஒன்றும் தெரியாது. அந்த ராசியை யார் நம்பினார்கள், அதை வைத்து என்ன செய்தார்கள் என்று எழுதினால் எல்லாம் தெரியும். மூலம் என் அத்தையின் குணத்தைச் சொல்லவில்லை. எங்கள் வீட்டின் குணத்தை, எங்கள் ஊரின் குணத்தைச் சொன்னது. அத்தையைச் சொன்னது அந்தப் பாதிப் பாட்டு.

கதையைத் திருப்பி எழுதிக்கொண்டிருக்கிறேன். இந்த முறை அட்டவணை இல்லை. மூல நட்சத்திரம் இருக்கிறது, ரேடியோ இருக்கிறது. ஆண்டு மலரில் வருமோ வராதோ தெரியாது. முதல் பிரதியை அத்தையிடம் கொடுக்க வேண்டும், அதற்குத்தான் இப்போது தைரியம் சேர்த்துக்கொண்டிருக்கிறேன்.