கண்டிக்கு வராத இரண்டாம் பாகம்

2023 நவம்பர் 10ஆம் திகதி, 'கோல் ஒஃப் டியூட்டி' என்னும் போர்க் கணினி விளையாட்டு வரிசையில் 'மொடர்ன் வோர்ஃபெயார் 3' வெளியாயிற்று. 2011இல் வந்த ஒரு பாகத்தின் பெயரையே மீண்டும் சூட்டிக்கொண்டு வந்த இதனை, கதை மிகக் குறுகியது, அவசரத்தில் தைத்த சட்டை போன்றது என்று விமர்சகர்களும் விளையாட்டாளர்களும் ஒருசேரச் சாடினார்கள். குறைக்கு ஈடாக அதில் ஒரு பழைய சீதனமும் இருந்தது. 2009இல் வெளிவந்த 'மொடர்ன் வோர்ஃபெயார் 2' இன் பதினாறு போர்க்களங்களும் புதுப்பிக்கப்பட்டு அதில் சேர்க்கப்பட்டிருந்தன. அந்த வாரத்தில் வெளிநாட்டிலிருந்து என் தமக்கையின் மகன் தொலைபேசியில் அழைத்துச் சிரித்தான்.

"மாமா, நாங்க வேணாம்னு விட்ட களத்தையெல்லாம் இப்ப திரும்பக் காசுக்கு விக்கிறாங்க."

அவன் 'நாங்க' என்றது, கண்டி யட்டிநுவர வீதியிலிருந்து பிரியும் ஒழுங்கையொன்றில் இயங்கிய ஒரு சிறு கடையில் கூடிய பத்துப் பன்னிரண்டு பையன்களை. தொலைபேசி, தொலைநகல், நிழற்பிரதி எல்லாம் ஓரிடத்தில் கிடைக்கும் அத்தகைய கடைகளை இந்நாட்டில் 'கொமியூனிக்கேஷன்' என்பார்கள். அதன் பின்னறையில் எட்டுக் கணினிகள் இருந்தன. தமிழ், முஸ்லிம், சிங்களப் பிள்ளைகள் பாடசாலைச் சப்பாத்துகளை வாசலில் கழற்றி வைத்துவிட்டு அங்கே ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டிருந்தார்கள். பத்திரிகைக்காரனாகிய நான் அவ்வறைக்குள் செய்தியொன்று நடந்துகொண்டிருந்ததை அக்காலத்தில் உணரவில்லை. அதைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

இவ்வரிசையின் வரலாறு அறியாத வாசகர்களுக்காகச் சிறிது பின்னோக்கிச் செல்ல வேண்டும். 1999இல், திரைப்பட இயக்குநர் ஸ்டீவன் ஸ்பீல்பேர்க்கின் முயற்சியில் 'மெடல் ஒஃப் ஹொனர்' என்ற இரண்டாம் உலகப் போர் விளையாட்டு பிறந்தது. 2002இல் அதன் கணினிப் பாகமொன்றை உருவாக்கிய குழுவிலிருந்து இருபத்திரண்டு பேர் பிரிந்து 'இன்ஃபினிட்டி வோர்ட்' என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அக்டிவிஷன் நிறுவனத்தின் பணத்தில் 2003இல் அவர்கள் வெளியிட்டதே முதலாவது 'கோல் ஒஃப் டியூட்டி'. முதல் மூன்று பாகங்களும் நோர்மண்டி, ஸ்டாலின்கிராட், எல் அலமேன் என்று ஐரோப்பாவையும் வட ஆபிரிக்காவையும் சுற்றிச் சுற்றி வந்தன. 1944 ஏப்ரல் முதல் தென்கிழக்காசிய நேச நாடுகளின் படைத் தலைமையகம் நம் பேராதனைப் பூங்காவிலிருந்துதான் இயங்கியது, மவுண்ட்பேட்டன் கண்டி நகரில்தான் தங்கியிருந்தார் என்பதையெல்லாம் அந்த மூன்று பாகங்களும் கண்டுகொள்ளவில்லை. பர்மாப் போர் அமெரிக்கச் சந்தையில் விலைபோகாது போலும்.

2007 நவம்பரில் வந்த நான்காம் பாகம் இந்தப் பழைய போரைக் கைவிட்டுச் சமகாலத்துக்கு வந்தது. 'மொடர்ன் வோர்ஃபெயார்' என்ற துணைப்பெயருடைய அதுதான் கண்டிக் கடையைப் பிடித்துக்கொண்ட விளையாட்டு.

அந்த ஆண்டையும் அடுத்த ஆண்டையும் எண்ணிப் பாருங்கள். வடக்கிலே உண்மையான போர் உச்சத்தை நோக்கிச் சென்றுகொண்டிருந்தது. 1998 ஜனவரி 25ஆம் திகதி தலதா மாளிகை வாசலில் வெடித்த குண்டின் நினைவு நகரத்தை விட்டு நீங்கியிருக்கவில்லை. தமிழ்ப் பெயர் தாங்கிய இளைஞன் அடையாள அட்டையின்றி மாலையில் வெளியே செல்வதை எந்தத் தாயும் விரும்பமாட்டாள். கடைக்காரர் ஒலிபெருக்கிகள் அனைத்தையும் கழற்றி வைத்துவிட்டு, செவிக்குள் மாட்டும் கருவி இல்லாதவன் விளையாடக் கூடாது என்று விதித்திருந்தார். துப்பாக்கிச் சத்தம் ஒழுங்கைக்குக் கேட்டால் வீண் வில்லங்கம் என்பது அவர் கணக்கு. ஆகவே அவ்வறையில் போர் ஓசையின்றி நடந்தது. விசைப்பலகைகளின் தட்டல் மட்டும் மழைத்தூறல்போலக் கேட்கும்.

நான்காம் பாகம் அங்கே வேரூன்றியதற்கு அதன் அழகு மட்டும் காரணமன்று. அவ்விளையாட்டின் வழங்கியை, அதாவது ஆட்டக்காரர் எல்லோரும் வந்து கூடும் ஆடுகளத்தை நடத்தும் மென்பொருளை, எவரும் தம் சொந்தக் கணினியில் நிறுவிக்கொள்ளலாம். எட்டுக் கணினிகளையும் வடத்தால் இணைத்து, ஒன்றில் வழங்கியை ஓடவிட்டால் போதும். இணையம் அறுந்தாலும் ஆட்டம் அறாது. எந்தக் களம், எத்தனை பேர், எவ்வளவு நேரம், பிறர் மனம் புண்படப் பேசுபவனை வெளியேற்றுவதா இல்லையா என்பதெல்லாம் வழங்கியை நடத்துபவரின் கையில் இருந்தது. நிரலை மாற்றியமைக்கவும் இடமிருந்தபடியால், போட்டியாளர்கள் 'புரோமொட்' என்ற மாற்றுவடிவத்தை ஆக்கி, சிறப்புச் சலுகைகளை நீக்கிக் கைத்திறன் மட்டும் வெல்லும்படி செய்துகொண்டார்கள். கண்டிக் கடையின் வழங்கிக்குப் பொறுப்பாளன் கட்டுகஸ்தோட்டையிலிருந்து வந்த பதினாறு வயதுச் சிறுவன். அவன் போட்ட சட்டத்துக்கு அவனைவிட மூத்தவர்களும் கட்டுப்பட்டார்கள்.

2009 மே மாதம் போர் முடிந்தது. ஒக்டோபரில், அடுத்த மாதம் வரவிருந்த 'மொடர்ன் வோர்ஃபெயார் 2' பற்றி இன்ஃபினிட்டி வோர்ட்டின் பேச்சாளர் ஓர் இணைய ஒலிபரப்பில் சொன்ன செய்தி உலகெங்கும் கணினி விளையாட்டாளர்களிடையே தீயாய்ப் பரவியது. புதிய பாகத்தில் தனி வழங்கிகள் இரா. நிறுவனத்தின் பொறிமுறையே ஆட்களைத் தேர்ந்து சேர்க்கும். சேர்ந்தவர்களில் ஒருவரின் கணினியே அந்த ஆட்டத்துக்கு வழங்கியாகும். மாற்றுவடிவங்களுக்கு இடமில்லை. உள்ளூர் வட இணைப்பில் ஆட வழியில்லை. ஆட்டத்துக்கு மொத்தம் பதினெட்டுப் பேருக்கு மேல் சேர முடியாது. 'ஸ்டீம்' என்ற இணையக் கணக்கின்றி விளையாட்டைத் திறக்கவும் இயலாது.

எதிர்ப்பு மனுவில் சில நாட்களுக்குள் ஓர் இலட்சத்துக்கு மேற்பட்டோர் ஒப்பமிட்டார்கள். புறக்கணிப்புக் குழுக்கள் தோன்றின. ஆனால் வெளியீட்டு நாளன்று எடுக்கப்பட்ட ஒரு திரைப்பிடிப்பு அக்குழுவினரை நெடுங்காலம் கேலிக்குள்ளாக்கியது. புறக்கணிப்புக் குழுவின் உறுப்பினர் பட்டியலில் பலருடைய பெயருக்குக் கீழே, அவர்கள் அக்கணமே அதே விளையாட்டை ஆடிக்கொண்டிருப்பதாக ஸ்டீம் காட்டிக்கொடுத்துவிட்டது. முதல் ஐந்து நாட்களில் 55 கோடி டொலர் வருவாய் என்று அக்டிவிஷன் அறிவித்தது. புறக்கணிப்பு தோற்றது என்று எல்லோரும் எழுதினார்கள்.

கண்டியில் அது தோற்கவில்லை. அதற்குக் கொள்கைப் பிடிப்பு மட்டுமே காரணம் என்று எழுதி என் மருமகனையும் அவன் நண்பர்களையும் தியாகிகளாக்க நான் விரும்பவில்லை. கடையிலிருந்த நான்காம் பாகம் விலைகொடுத்து வாங்கப்பட்டதன்று. நகரில் அக்காலத்தில் தாராளமாகக் கிடைத்த நகல் இறுவட்டுகளில் ஒன்று. உண்மைப் பிரதியின் விலை அறுபது டொலர். டொலர் 114 ரூபா அளவில் விற்ற அந்நாளில் அது ஏறத்தாழ 6,840 ரூபா. அவ்வாண்டு செப்டெம்பரில் கையொப்பமான கூட்டு ஒப்பந்தத்தின்படி பெருந்தோட்டத் தொழிலாளி ஒருவரின் நாட்சம்பளம், எல்லாக் கொடுப்பனவுகளும் சேர்ந்து 405 ரூபா. கம்பளைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வந்து அக்கடையில் விளையாடிய பையனின் தாய்க்கு அது பதினேழு நாள் கொழுந்து. எட்டுக் கணினிக்கும் எட்டுப் பிரதிகள் வாங்கக் கடைக்காரருக்கும் வழியில்லை.

வாங்கியிருந்தாலும் பயன் குறைவுதான். கடையில் எட்டுப் பேரும் தோளோடு தோள் அமர்ந்திருந்தாலும், ஒருவரோடொருவர் ஆடுவதற்கு இணையத்தின் ஊடாகத்தான் செல்ல வேண்டும். அந்த எட்டுப் பேரின் போக்குவரத்தும் ஒரே தொலைபேசிக் கம்பி வழியே நெருக்கியடிக்க வேண்டும். நம் வீட்டு இணைப்புகளில் பதிவேற்ற வேகம் பதிவிறக்க வேகத்தின் ஒரு சிறு பங்கே என்பதால், இங்குள்ள கணினி வழங்கியானால் ஆட்டம் இழுபடும். வெளிநாட்டுக் கணினி வழங்கியானாலோ, நாம் சுட்ட குண்டு கடல்கடந்து போய்ச் சேருமுன் நாம் செத்துவிடுவோம். மருமகனின் கூட்டாளி ஒருவன் எங்கிருந்தோ புதிய பாகத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து, தனியாள் கதையை இரண்டே நாளில் முடித்தான். எப்படியிருந்தது என்று கேட்டேன்.

"கேம் நல்லாத்தான் இருக்கு அங்கிள். ஆனா எங்கட கடையில விளையாட ஏலாது. அது எங்களுக்கு இல்ல."

இந்த வாக்கியத்தை நான் குறித்துக்கொண்டேன், அச்சேற்றவில்லை. அப்போது பத்திரிகையில் நான் எழுதியது வேறொரு குறுஞ்செய்தி. அப்பாகத்தில், மொஸ்கோ விமான நிலையமொன்றில் பயணிகளைச் சுட்டுத்தள்ளும் பயங்கரவாதிகளின் நடுவே விளையாட்டாளனும் ஒருவனாக நடந்து செல்லும் காட்சி வருகிறது. உலகப் பத்திரிகைகள் அதைக் கண்டித்தன, நானும் கண்டித்தேன். 2001 ஜூலை 24இல் கட்டுநாயக்க விமானத் தளமும் விமான நிலையமும் தாக்கப்பட்ட காலை நேரச் செய்திகளை மேசையிலிருந்து தொகுத்தவன் என்ற முறையில், அக்காட்சி என் வயிற்றைக் கலக்கியது உண்மை. அக்கண்டனத்தில் இன்றும் மாற்றமில்லை. ஆனால் பையன்கள் அக்காட்சியைப் பற்றி ஒரு சொல்லும் பேசாமல் வழங்கியைப் பற்றியே புலம்பியபோது, இவர்களின் மனம் மரத்துவிட்டதென்று முடிவு கட்டினேன். அந்த முடிவுதான் தவறு. குண்டுச் சத்தத்துக்கிடையே வளர்ந்த அவர்களுக்கு, திரையில் தெரிவது பொம்மை என்ற தெளிவு என்னைவிட அதிகமாக இருந்தது. அவர்களிடமிருந்து பறிபோனது வேறு: மூவினப் பிள்ளைகளும் தாமே சட்டம் வகுத்து, தாமே நடத்திய ஓர் இடம். அப்படிப்பட்ட இடங்கள் 2009இல் இந்நாட்டில் எத்தனை இருந்தன?

ஆகையால் அவர்கள் புதியதை விட்டுப் பழையதிலேயே தங்கினார்கள். கண்டி மட்டுமன்று, நாடு முழுவதும் இதுவே நிலைமை. கேமர் எல்கே நடத்திய போட்டிகளிலும், உலகம் ஐந்தாறு பாகங்களைத் தாண்டிச் சென்ற பிறகும், அந்த நான்காம் பாகமே பல்லாண்டுகள் ஆடப்பட்டது. இன்ஃபினிட்டி வோர்ட்டின் தலைவர்கள் இருவரையும் 2010 மார்ச்சில் அக்டிவிஷன் வெளியேற்றியதும், 2011இல் வந்த பாகத்தில் தனி வழங்கிகள் அரைகுறையாகத் திரும்பியதும் இங்கே பெரிதாக எவரையும் அசைக்கவில்லை.

இதற்கிடையே மேற்கில் நடந்ததும் கவனிக்கத்தக்கது. அங்கே 'மொடர்ன் வோர்ஃபெயார் 2' ஐத் தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைக்கும் கருவிகளில் ஆடிய கோடிக்கணக்கான சிறுவர்களுக்கு, தனி வழங்கி என்றால் என்னவென்றே தெரியாது. இழக்க அவர்களிடம் ஒன்றுமில்லை. அவர்கள் வளர்ந்து, அதனைத் தம் இளமையின் பொற்காலமாக நினைவுகூர்ந்தார்கள். 2023இல் பதினாறு களங்களும் சீதனமாக வந்தது அவர்களுக்காகத்தான். ஒரே விளையாட்டு, ஒரு கூட்டத்துக்கு ஏமாற்றம், மறு கூட்டத்துக்குப் பொக்கிஷம். வென்ற கூட்டத்தின் நினைவே வரலாறாகிறது என்பதைப் போர்களைப் பற்றி எழுதியே அறிந்தவன் நான். போர் விளையாட்டிலும் அதுவே நடக்குமென்று எண்ணியிருக்கவில்லை.

பழையதில் தங்கியவர்களின் பக்கம் ஒருமுறை காற்று அடித்தது. 2016 மே மாதம், விண்வெளிப் போரைக் காட்டும் 'இன்ஃபினிட் வோர்ஃபெயார்' பாகத்தின் முன்னோட்டம் யூடியூபில் வெளியானபோது, அதற்கு முப்பது இலட்சத்துக்கும் அதிகமான எதிர்ப்புக் குறிகள் குவிந்தன. அப்பாகத்தோடு அக்டிவிஷன் கட்டிக்கொடுத்த இலவசம்போன்ற இணைப்பு எது தெரியுமா? அதே 2007ஆம் ஆண்டு நான்காம் பாகத்தின் மெருகேற்றிய பதிப்பு. முதலில் அதைத் தனியாக விற்கவே மறுத்தார்கள். பழையது வேண்டுமானால் புதியதையும் வாங்கு என்றார்கள். அடுத்த ஆண்டில்தான் தனியே விட்டார்கள். 2021 நவம்பரில் யூடியூப் எதிர்ப்புக் குறிகளின் எண்ணிக்கையையே பொதுப்பார்வையிலிருந்து அகற்றிவிட்டது.

முப்பது இலட்சம் பேரின் எதிர்ப்புக்கே அதுதான் கதி என்றால், யட்டிநுவர வீதியின் பின்னறையில் பத்துப் பேர் சொன்னதற்கு எங்கே பதிவு இருக்கும்? அக்கடை மூடிப் பல ஆண்டுகளாகிவிட்டன. கட்டுகஸ்தோட்டைப் பையன் இப்போது வங்கியொன்றில் கணினிப் பிரிவில் இருப்பதாக மருமகன் சொல்கிறான். அந்நாட்களில் கண்டியிலோ பேராதனையிலோ கம்பளையிலோ இவ்விளையாட்டை ஆடியவர்கள் இதை வாசிக்க நேர்ந்தால், உங்கள் கடையில் வழங்கியை நடத்தியவர் யார், என்னென்ன சட்டங்கள் வைத்திருந்தார் என்பதை எனக்கு எழுதுங்கள். நான் தவறாக எழுதியிருந்தாலும் சுட்டிக்காட்டுங்கள், திருத்திக்கொள்கிறேன்.