பிளாஸ்டிக்: தீப்படும்போது

சிங்கப்பூரின் தேக்கா ஈரச்சந்தையில் கீரை போட்டுத் தரும் பை பாலிஎத்திலீன். சுமார் 110 டிகிரி செல்சியஸில் இளகும். பற்றிக்கொண்டால் எரியும் சொட்டுகளாக வடியும், மெழுகு வாடை வீசும். மின்கம்பி உறையான பிவிசி எளிதில் பற்றாமல் கருகும். ஆனாலும் அதை நம்பக்கூடாது: புகையிலுள்ள ஹைட்ரஜன் குளோரைடு கண்ணையும் நுரையீரலையும் புண்ணாக்கும். பாலிஸ்டைரீன் உணவுப்பெட்டி கரும்புகை கக்கும். வீட்டில் மிகக் கொடியது மெத்தையின் பாலியூரித்தேன் நுரை. அது எரிந்தால் ஹைட்ரஜன் சயனைடு என்ற நச்சு வாயு வெளிவரும்.

கட்டடங்களின் வெளிச்சுவரிலும் பிளாஸ்டிக் உண்டு. சிங்கப்பூரில் 2017 மே 4 அன்று தோ குவான் சாலைக் கட்டடத் தீயில் ஒருவர் இறந்தார். வெளிச்சுவரின் கூட்டுப்பலகைகள் தீப்பாதுகாப்பு விதிக்கு ஒவ்வாதவை. அடுத்த மாதம் லண்டனின் கிரென்ஃபெல் அடுக்குமாடிக் கோபுரத்தில், வெளிச்சுவரின் அலுமினியத் தகடுகளுக்கிடையே இருந்த பாலிஎத்திலீன் தீயை மாடி மாடியாக ஏற்றியது. 72 பேர் மாண்டனர்.