ரஸ்ட் மொழிக்கான மாங்கோடிபி சோதனை டிரைவர்

ரஸ்ட் 1.0 வெளிவந்த 2015ஆம் ஆண்டிலேயே மாங்கோடிபி நிறுவனத்தில் உருவான முன்மாதிரி இது. ரஸ்ட் நிரலுக்கும் தரவுத்தளத்துக்கும் இடையே பீசன் (பைனரி ஜேசான்) வடிவில் ஆவணங்களைக் கொண்டுசெல்வது இதன் வேலை.

முதலில் பார்க்க வேண்டியது பதிப்பு எண். 0.3இலிருந்து 0.4க்கு மாறினாலே பழைய நிரல் கம்பைல் ஆகாமல் போகலாம். பதிப்பைப் பூட்டிவைப்பதே பாதுகாப்பு.

பலரும் சறுக்குவது எண்வகையில்தான். இரத்தினபுரித் தேயிலைத் தோட்டமொன்றின் செக்ரோலை (தொழிலாளர் கூலிப் பதிவேட்டை) இதன்வழி தரவுத்தளத்தில் ஏற்றுவதாகக் கொள்வோம். பழைய மாங்கோ ஷெல்லில் 18 என்று பதிந்த கொழுந்து எடை, மிதவைப்புள்ளி எண்ணாகவே சேமிக்கப்படும். ரஸ்ட் பக்கத்தில் செர்டே நூலகம் வழியாக வாசிக்கும் புலம் ஐ32 (முழு எண்) என்றிருந்தால் பிழை வரும்; எஃப்64 (மிதவைப்புள்ளி) என்றால் இருவகை எண்ணும் ஏற்கப்படும். அன்ராப் போட்டுப் பிழையைத் தாண்ட முயன்றால், அந்த ஒரு வரியில் நிரலே நின்றுவிடும். கொழுந்தெடுப்பவரின் கூலி அந்த எடையைப் பொறுத்தது; ஆகவே வாசிக்க முடியாத பதிவைத் தனியே ஒதுக்கி, கணக்கப்பிள்ளையின் கண்ணில் படும்படி வைப்பது கட்டாயம்.

ஏசிங்க்-அவெயிட் வசதி ரஸ்ட் 1.39உடன் 2019 நவம்பரில் நிலைபெற்றது. அந்த வசதியுடன் புதிதாக எழுதப்பட்ட அதிகாரபூர்வ டிரைவரின் 1.0 பதிப்பு 2020இல் வந்தபின், புதிய பணிகளுக்கு முன்மாதிரி பரிந்துரைக்கப்படுவதில்லை.