மரையும் நீர்நேரமும்: மும்பைப் பொதுக் கட்டடங்களின் பழங்குழாய்களை மதிப்பிடும் முறை குறித்து

1888-ஆம் ஆண்டின் மும்பை மாநகராட்சிச் சட்டத்தில் பின்னாளில் சேர்க்கப்பட்ட 353பி பிரிவு, 30 ஆண்டு கடந்த கட்டடங்களுக்குப் பதிவுபெற்ற கட்டமைப்புப் பொறியாளரின் உறுதிச் சான்று வேண்டும் என்கிறது. தூண், உத்தரம், தளம் ஆகியவற்றின் வலிமையை அறிவதே இச்சான்றுக்கான ஆய்வின் நோக்கம் என்பதால், கான்கிரீட்டுக்குள் ஈரத்தைக் கசியவிடும் அளவிலேயே குழாய் அதன் கண்ணில் படுகிறது. கசியாத குழாய் நல்ல குழாய் என்ற எண்ணம் இதிலிருந்தே வேரூன்றுகிறது. நாள் முழுதும் நீர் வராத ஒரு நகரில் இந்த எண்ணம் தவறானது என்பதும், அங்கே குழாயின் நிலையை மதிப்பிட வேண்டிய இடம் இணைப்பு, மதிப்பிட வேண்டிய பொழுது நீர் வரும் நேரம் என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

வயதை வைத்து முடிவு செய்வது எளிது. ஆனால் பயன் குறைவு. விஹார் ஏரியிலிருந்து 1860-இலும் தான்சாவிலிருந்து 1892-இலும் நகருக்கு நீர் வந்தது. 1898-இல் அமைந்த பம்பாய் மேம்பாட்டு அறக்கட்டளை திட்டமிட்டு விரித்த மாட்டுங்காவும், பிரிவினைக்குப் பின் பெருகிய செம்பூரும், தேவை எழுந்தபோதெல்லாம் இணைப்புகள் கூட்டப்பட்ட தாராவியும் வெவ்வேறு காலத்துக் குழாய்களைக் கொண்டவை. ஒரே பள்ளிக் கட்டடத்துக்குள்ளும் பழுதுபார்ப்புப் பணிகள் பழைய துண்டோடு புதிய துண்டைக் கோத்துவிடுவதால், கட்டடத்தின் வயது அதன் குழாயின் வயதாகாது.

அதைவிட முக்கியமானது, ஒரு கட்டடத்தின் குழாய்கள் மூன்று வேறு சூழல்களில் வாழ்கின்றன என்பது. மாநகராட்சியின் வால்வைத் திறந்து மூடும் ஊழியரை மும்பைவாசிகள் சாவிவாலா என்பர். அவர் திறக்கும் சில மணி நேரம் மட்டுமே தெருக்குழாயிலிருந்து கீழ்நிலைத் தொட்டிவரை உள்ள வரவுக்குழாயில் நீர் ஓடுகிறது, மற்ற நேரத்தில் அது வடிந்து, உள்ளே காற்றும் ஈரப்படலமும் ஒருசேர நின்று இரும்பை விரைந்து அரிக்கின்றன. மோட்டார் நீரை ஏற்றும் குழாய் ஒவ்வொரு நிறுத்தத்திலும் நீரதிர்ச்சியைத் தாங்குகிறது. மேல்நிலைத் தொட்டியிலிருந்து இறங்கும் குழாயோ எப்போதும் நிறைந்திருப்பது. விடுமுறை நாட்களில் நீர் தேங்குவதே அதன் குறை. இம்மூன்றையும் ஒரே படிவத்தில் ஒரே மதிப்பெண்ணால் அளப்பது அளவையே அல்ல.

இணைப்பே முதலில் சோரும் இடம் என்பதைக் கணக்கே காட்டும். ஐ.எஸ். 1239 தரத்தில் நடுத்தர வகை 25 மி.மீ. ஜி.ஐ. குழாயின், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயின், சுவர்த்தடிமன் 3.2 மி.மீ. சாக்கெட்டில் முறுக்குவதற்காக அதன் முனையில் வெட்டும் திருகுப் பள்ளமாகிய மரை, முழு ஆழத்தில் ஏறத்தாழ 1.48 மி.மீ. இறங்குகிறது. துரு ஒரு துளியும் பிடிக்கும் முன்பே அங்கே எஞ்சுவது 1.7 மி.மீ. சுவர்தான், வெட்டியபோது துத்தநாகப் பூச்சும் போய்விட்டது, காவலாக இருப்பது பிளம்பர் சுற்றிய சணலும் பூசிய சஃபேதா என்னும் வெள்ளைப் பசையும் மட்டுமே. மீயொலி அளவுக்கருவியோ வழவழப்பான பரப்பில்தான் ஒழுங்காகப் படியும்; ஆகவே ஆய்வாளர் இரு சாக்கெட்டுகளுக்கு நடுவே அதை வைத்து 2.9 மி.மீ. என்று குறித்துக்கொண்டால், எண் சரியாக இருந்தும் முடிவு பிழையாகலாம். சில இணைப்புகளையேனும் அறுத்தெடுத்து நீளவாக்கில் பிளந்து பார்ப்பதற்கு மாற்று இல்லை.

அப்படிப் பிளக்கும்போது உட்புறத் துருமேடுகளும் தெரியவரும். குழாயோட்டத்தைக் கணிக்கும் ஹேசன்–வில்லியம்ஸ் சமன்பாட்டின்படி நீரளவு விட்டத்தின் 2.63-ஆம் அடுக்கைப் பின்பற்றுவதால், 25 மி.மீ. உள்விட்டம் 20 ஆகக் குறைந்தாலே, மற்றவை மாறாதிருக்க, ஓட்டம் சுமார் 56 விழுக்காட்டுக்கு இறங்கிவிடும். சொரசொரப்பு அதை இன்னும் குறைக்கும். ஒரு சொட்டுக்கூடக் கசியாமலே குழாய் செயலிழக்கும் வழி இது. இதைப் பிடிக்க அழுத்தமானியை நீர் வரும் நேரத்தில், தெருமுனை இணைப்பிலும் தொட்டி வாயிலிலும் ஒருங்கே பொருத்த வேண்டும். அலுவலக நேரத்தில் வந்து போகும் தணிக்கைக்கு இது கைகூடுவதில்லை.

நீரின் தரமும் குழாயின் சாட்சியே. ஹூப்ளி–தார்வாட்டில் இடைவிட்ட வழங்கலையும் தொடர் வழங்கலையும் ஒப்பிட்டு எமிலி கும்ப்பெலும் காரா நெல்சனும் 2013-இல் வெளியிட்ட ஆய்வு, இடைவிட்ட வழங்கலில் நுண்ணுயிர் மாசு மிகுதியாக இருப்பதைக் காட்டியது. நீர் நின்றதும் குழாயினுள் அழுத்தம் வெளியைவிடத் தாழ்வதால், சாக்கடையை ஒட்டியோ ஊடாகவோ செல்லும் குழாய், தாராவிச் சந்துகளில் இது காணக்கூடியதே, தன் ஓட்டைவழி வெளிநீரை உறிஞ்சிக்கொள்கிறது. வெளியே கசிவைத் தேடுகிறவருக்கு உள்ளே புகுந்த கசிவு புலப்படாது. எனவே நீர் திறந்தவுடன் வரும் முதல் வரவையும் அரை மணிக்குப் பிந்தைய வரவையும் தனித்தனியே சோதிப்பதே குழாயைப் பற்றிப் பேசும். தொட்டியில் எடுத்த ஒற்றை மாதிரி தொட்டியைப் பற்றியே பேசும்.

இணைப்பை அறுப்பது செலவு, மருத்துவமனையில் நீரை நிறுத்த முடியாது என்ற மறுப்புக்கு வலு உண்டு. ஆனால் எல்லா இணைப்பையும் அறுக்கத் தேவையில்லை; வழக்கமான பழுதுபார்ப்பில் கழற்றி எறியப்படும் எல்போக்களையும் சாக்கெட்டுகளையும் இடமும் நாளும் எழுதி வைத்தாலே பாதி ஆய்வு இலவசமாக முடிந்துவிடும். பழைய இரும்பு இன்று காயலான் கடைக்குப் போகிறது, தகவலும் அதனுடன் போகிறது.

செம்பூரின் அமர் மஹாலிலிருந்து ட்ராம்பே நோக்கியும், வடாலா வழியாகப் பரேல் நோக்கியும் மாநகராட்சி நீர்ச்சுரங்கங்களைக் குடைந்திருப்பது கிழக்குப் பகுதிகளின் வழங்கலை மேம்படுத்தவே. அவ்வழியே அழுத்தம் உயருமானால், அந்தக் கூடுதல் சுமை விழுவது தொட்டிவரையுள்ள வரவுக்குழாயின் மீது, அதாவது மூன்று சூழல்களில் மிக அரிபட்டதும், குறைந்த அழுத்தத்தின் தயவில் இதுவரை தாக்குப்பிடித்ததுமான குழாயின் மீது. சுரங்க வால்வுகளைத் திறக்கும் அட்டவணையோடு அப்பகுதிப் பள்ளிகள், மருந்தகங்கள், பொதுக் கழிப்பிடங்களின் வரவுக்குழாய் ஆய்வும் முன்கூட்டியே இணைக்கப்பட வேண்டும்.