எடுக்காமல் விட்ட படங்கள்

1972 ஜூலை 23 அன்று அமெரிக்கா விண்ணில் ஏவிய ஒரு செயற்கைக்கோள், பிறகு லாண்ட்சாட் 1 என்று பெயர் மாற்றம் பெற்றது. அதிலிருந்த இரண்டு கருவிகளில் முதன்மையானதாகக் கருதப்பட்ட காமிரா சில வாரங்களிலேயே மின்கோளாறால் நின்றுபோனது. துணைக்கருவியாகச் சேர்க்கப்பட்டிருந்த பல்நிறமாலை வருடியே பூமியைத் தொடர்ந்து படம் பிடித்தது. அதை வடிவமைத்தவர் ஹியூஸ் நிறுவனத்தின் பொறியாளர் வர்ஜினியா நார்வுட். அந்தப் படத்தில் ஒரு புள்ளி என்பது தரையில் ஏறக்குறைய ஒன்றரை ஏக்கர். ஒரு முழுப் படம் 185 கிலோமீட்டர் நீள அகலம். அப்படி நான்கு படங்களின் பரப்பில் தமிழ்நாடு அடங்கிவிடும். அரசு பணம் போட்டது, தனியார் நிறுவனம் கருவி செய்தது, படங்களின் தொகுப்பு பொதுவில் இருந்தது. வளரும் நாடுகளுக்குச் செயற்கைக்கோள் தரவு தருவதில் அரசும் தனியாரும் கைகோக்க வேண்டும் என்று இன்று புதிதாகக் கண்டுபிடித்ததுபோலப் பேசுகிறார்கள். அந்தக் கூட்டு முதல் நாளிலேயே இருந்தது. தனியார் வரலாமா கூடாதா என்று வாதிட்டுப் பயனில்லை. எடுத்த படங்களின் காப்பகம் யார் கையில் இருக்கிறது, எதைப் படமெடுப்பது என்று யார் முடிவு செய்கிறார்கள் என்பதே இந்த ஐம்பதாண்டு வரலாற்றில் நல்லதையும் கெட்டதையும் தீர்மானித்திருக்கிறது.

தொடக்கத்தில் வளரும் நாடுகளின் கவலை வேறாக இருந்தது. தம் மண்ணை அந்நியர் மேலிருந்து படமெடுக்கத் தம் அனுமதி வேண்டாமா என்று பிரேசிலும் அர்ஜென்டினாவும் ஐ.நா.வில் கேட்டன. கனிமம் எங்கே, விளைச்சல் எவ்வளவு என்பது சொந்தக்காரருக்குத் தெரியும் முன்பே வாங்குபவருக்குத் தெரிந்துவிட்டால் பேரத்தில் யார் தோற்பார் என்பதை அவை சரியாகவே உணர்ந்திருந்தன. ஆனாலும் அவை சும்மா இருக்கவில்லை. பிரேசில் 1973இலேயே குயபாவில் தரைநிலையம் அமைத்து, அமெரிக்காவுக்கு ஆண்டுக்கட்டணம் கட்டி, தன் தலைக்குமேல் போகும் செயற்கைக்கோளின் படங்களை நேரடியாக வாங்கிக்கொண்டது. இந்தியா 1979இல் ஹைதராபாத் அருகே ஷாத்நகரில் அதையே செய்தது. 1986இல் ஐ.நா. பொதுச்சபை தொலையுணர்வுக் கோட்பாடுகளை ஏற்றபோது முன் அனுமதி என்ற கோரிக்கை கைவிடப்பட்டது. அதற்கு ஈடாக, படமெடுக்கப்பட்ட நாட்டுக்கு அந்தத் தரவு பாகுபாடின்றி, நியாயமான விலையில் கிடைக்க வேண்டும் என்ற உறுதி வந்தது. நியாயமான விலை எது என்பதை அந்தத் தீர்மானம் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதன் பலனை ஏழை நாடுகள் அதே ஆண்டுகளில் அனுபவிக்கத் தொடங்கியிருந்தன.

1984இல் அமெரிக்க நாடாளுமன்றம் தொலையுணர்வை வணிகமயமாக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. ஹியூஸும் ஆர்சிஏவும் சேர்ந்து தொடங்கிய இயோசாட் என்ற நிறுவனத்திடம் 1985இல் லாண்ட்சாட் படங்களின் விற்பனை ஒப்படைக்கப்பட்டது. மக்கள் வரிப்பணத்தில் பறந்துகொண்டிருந்த செயற்கைக்கோள் எடுத்த ஒரு படத்தின் விலை காலப்போக்கில் 4,400 டாலர் வரை போனது. வாங்கியவர் அதைப் பிறருக்குப் பகிரவும் கூடாது. விலையைவிட ஆழமான காயம் வேறொன்று. வாங்க ஆள் இருக்கும் இடங்களைப் படமெடுப்பதே நிறுவனத்துக்கு லாபம். ஆள் இல்லாத இடத்தின்மேல் செயற்கைக்கோள் கடந்து போகும்போது கருவியை இயக்கக் காரணம் இல்லை. காசு கொடுத்துப் படம் கேட்க வழியில்லாத நாடுகள்மேல் அது கண்ணை மூடிக்கொண்டு போனது. 1980களின் பிற்பகுதியிலும் 1990களிலும் ஆப்பிரிக்காவின் பெரும்பகுதிக்குக் காப்பகத்தில் படங்கள் அருகிக் கிடப்பதை இன்று ஆய்வு செய்வோர் எவரும் காணலாம். இதற்கு ஒரு மறுப்பு உண்டு. லாண்ட்சாட் 5இல் படங்களைச் சேமித்துவைக்கும் பதிவுக்கருவி இல்லை, இடைத்தொடர்புச் செயற்கைக்கோள் வழியாக அனுப்பும் வசதியும் பழுதானது, ஆகவே தரைநிலையம் இல்லாத பகுதிகள் விடுபட்டதற்குத் தொழில்நுட்பமும் காரணம் என்பார்கள். உண்மைதான். ஆனால் தரைநிலையம் இருந்த இடங்களில்கூட, கேட்பார் இல்லாத நாட்களின் படங்கள் எடுக்கப்படவில்லை. தொழில்நுட்பக் குறையை விற்பனைக் கணக்கு பெரிதாக்கியது என்று சொல்வதே பொருந்தும்.

வணிகமாகவாவது அது நின்றதா என்றால் அதுவும் இல்லை. 1989இல் இயக்கச் செலவுக்குப் பணமின்றி லாண்ட்சாட் 4, 5 இரண்டையும் அணைத்துவிடும் நிலை வந்தது. 1992இல் புதிய சட்டம் வந்து திட்டத்தை அரசின் பொறுப்புக்குத் திருப்பியது. 1993 அக்டோபரில் லாண்ட்சாட் 6 சுற்றுப்பாதையை எட்டாமலே அழிந்தது. 1999இல் ஏவப்பட்ட லாண்ட்சாட் 7இன் படம் 600 டாலருக்குக் கிடைத்தது. முன்பு இருந்ததைப் பார்த்தால் மலிவு. ஆனால் வெப்பமண்டல நாடுகளுக்கு அந்த விலையும் தடுப்புச்சுவர்தான். அதன் காரணத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். காங்கோ படுகையிலும் இந்தோனேசியாவிலும் மேகம் விலகுவதே அரிது. ஒரு படத்தை வாங்கினால் பாதி வெண்மையாகத்தான் இருக்கும். காட்டை முழுதாகப் பார்க்க ஒரே இடத்தின் பத்து இருபது படங்களை வாங்கி, ஒவ்வொன்றிலும் மேகமில்லாத துண்டுகளை எடுத்து ஒட்டுப்போட வேண்டும். வானம் தெளிந்த அரிசோனாவுக்கு 600 டாலரில் முடிகிற வேலை, காங்கோவுக்கு 12,000 டாலர் வரை போகும். 2003இல் லாண்ட்சாட் 7இன் ஒரு கருவி பழுதாகி, ஒவ்வொரு படத்திலும் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கறுப்புக் கோடுகளாக விழுந்தபோது இந்தச் சுமை இன்னும் ஏறியது. ஒரே விலை எல்லோருக்கும் என்பது பார்வைக்குச் சமநீதி. மேகம் சூழ்ந்த ஏழை நாட்டுக்கு அது பல மடங்கு விலை.

இந்தச் சுவரை முதலில் உடைத்தது பணக்கார நாடு அல்ல. சீனாவுடன் சேர்ந்து சிபெர்ஸ் செயற்கைக்கோள்களை அனுப்பிய பிரேசில், 2004இல் தன் மக்களுக்கு அந்தப் படங்களை இணையத்தில் இலவசமாகத் திறந்துவிட்டது. பிறகு அண்டை நாடுகளுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் அதை நீட்டியது. 2008இல் அமெரிக்கப் புவியியல் ஆய்வுத்துறை லாண்ட்சாட் காப்பகம் முழுவதையும் இலவசமாக்கியது. விற்பனை உச்சத்தில் இருந்த 2001இலேயே ஆண்டுக்கு 25,000 படங்கள் அளவில்தான் போயின. திறந்துவிட்ட முதல் ஆண்டிலேயே பத்து லட்சத்தைத் தாண்டின. தனியார் நிறுவனத்தின் உண்மையான பங்களிப்பு இதற்குப் பிறகுதான் தெரிகிறது. கூகுள் நிறுவனம் அந்தக் காப்பகத்தைத் தன் கணினிகளில் ஏற்றி, 2010இல் எர்த் எஞ்சின் என்ற பெயரில் ஆய்வாளர்களுக்குத் திறந்தது. 2013இல் மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் மாத்யூ ஹான்சனும் கூட்டாளிகளும் அதைக் கொண்டு உலகக் காடுகளின் வரைபடத்தை வெளியிட்டார்கள். 2000 முதல் 2012 வரை 23 லட்சம் சதுர கிலோமீட்டர் காடு போயிருந்தது. அதற்கு அவர்கள் பயன்படுத்தியது 6,54,178 படங்கள். பழைய 600 டாலர் விலையில் கணக்குப் போட்டால் 39 கோடி டாலர். எந்தப் பல்கலைக்கழகமும் அந்தப் பணத்தைக் கட்டியிருக்காது. காப்பகம் பொதுவுடைமை, கணிப்பொறி வலிமை தனியாருடையது: இந்தப் பிரிவினை இருந்ததால்தான் அந்த வரைபடம் பிறந்தது.

திறந்த தரவை எதிர்ப்பவர்களின் வாதத்தில் ஒன்றை நான் மதிக்கிறேன். எல்லோருக்கும் திறந்த கதவில் முதலில் நுழைவது வலுத்தவர்தான். கணினியும் நிபுணர்களும் உள்ள தானிய வணிக நிறுவனங்கள் பயனடையும் வேகத்தில் ஒரு ஏழை நாட்டின் வேளாண்துறை பயனடையாது. இது மெய். அதற்காகக் கதவை மூடினால், வலுத்தவர் காசு கொடுத்து வாங்கிக்கொள்வார், ஏழை நாட்டுக்கு மட்டும் அது மூடியிருக்கும்; இயோசாட் காலம் காட்டிய பாடம் அதுவே. தீர்வு உள்ளூர்த் திறனை வளர்ப்பது. ஆஸ்திரேலிய அரசு உருவாக்கிய முறையை எடுத்துக்கொண்டு, அறக்கட்டளை நிதியிலும் அமேசான் நிறுவனத்தின் கேப் டவுன் கணினி மையத்திலும் இயங்கும் டிஜிட்டல் எர்த் ஆப்பிரிக்கா அப்படிப்பட்ட முயற்சி. பிரேசிலின் விண்வெளி ஆய்வு நிறுவனமான ஐஎன்பிஇ இன்னும் வலுவான சான்று. 1988 முதல் அமேசான் காடழிப்பை ஆண்டுதோறும் தன் ஆட்களைக் கொண்டே அளந்து வருகிறது. 2004இல் ஏறத்தாழ 27,800 சதுர கிலோமீட்டராக இருந்த அழிவு 2012இல் 4,600க்குள் இறங்கியது. படம் மட்டும் காட்டைக் காக்கவில்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டு அபராதம் விதிக்க ஓர் அரசு முன்வந்தது. 2019இல் அந்தப் புள்ளிவிவரம் ஆட்சியாளருக்குக் கசந்தபோது நிறுவனத்தின் தலைவர் ரிக்கார்டோ கல்வாவ் பதவி நீக்கப்பட்டார். ஆனால் படங்கள் உலகத்தார் பார்வையில் இருந்தன. எண்களை மறைக்க முடியவில்லை.

கூட்டின் புதிய வடிவம் 2020இல் வந்தது. நார்வே அரசு 4 கோடி டாலருக்கு மேல் கொடுத்து, கேசாட், பிளானெட், ஏர்பஸ் நிறுவனங்களுடன் ஒப்பந்தம் செய்து, வெப்பமண்டலக் காடுகளின் படத்தை மாதந்தோறும் எவரும் பார்க்கும்படி செய்தது. லாண்ட்சாட்டின் இன்றைய புள்ளி தரையில் 22 சென்ட். பிளானெட் படத்தின் புள்ளி அரை சென்ட்டுக்குச் சற்று அதிகம். நாலு மரம் வெட்டினால் தெரிந்துவிடும். மிக நல்ல காரியம், தயக்கமின்றிப் பாராட்டுகிறேன். ஆனால் இங்கே செயற்கைக்கோளும் மூலப்படமும் நிறுவனத்துடையவை. நார்வே வாங்கித் தந்தது குறிப்பிட்ட காலத்துக்கான பயன்பாட்டு உரிமை. எந்த அரசின் முடிவும் மாறக்கூடியது. லாண்ட்சாட்டுக்கே மறுபடி கட்டணம் விதிக்கலாமா என்று 2018இல் அமெரிக்க அரசு ஆலோசனைக்குழுவிடம் கேட்டது. ஆகவே இத்தகைய ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் நம் அரசுகளும் பிற அரசுகளும் விலைக்கு முன்னால் ஒரு ஷரத்தைக் கேட்டு வாங்க வேண்டும்: ஒப்பந்தம் முடிந்த பிறகும் அதுவரை எடுத்த படங்கள் பொதுக் காப்பகத்தில் நிலையாக இருக்க வேண்டும், கேட்பார் இல்லாத நிலத்தையும் தவறாமல் படமெடுக்க வேண்டும். 2010இல் தொடங்கி, உலகெங்கும் தரைநிலையங்களின் நாடாக்களில் முடங்கிக் கிடந்த 30 லட்சத்துக்கும் மேற்பட்ட லாண்ட்சாட் படங்களை அமெரிக்கா தேடித் திரட்டி மீட்டது. எடுக்காமலே விட்ட படங்களை அப்படி மீட்க வழியில்லை. ஆப்பிரிக்காவின் பல பகுதிகளில் 1990களின் தொடக்கத்தில் காடு எங்கே நின்றது, ஏரி எங்கே வற்றியது என்று காட்டப் போதிய படங்கள் இன்று லாண்ட்சாட் காப்பகத்தில் இல்லை.